காட்டிலும் ஒரு திசைச்சொல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ்நாட்டிலிருந்து நண்பர் ஒருவர் யாழ்ப்பாணம் வந்திருந்தார். நாட்டார் பாடல்களிலே மிக்க ஈடுபாடுடையவர். எங்கள் ஊரில் தாலாட்டும் ஒப்பாரியும் நன்கறிந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார் என்று நான் சொன்னதும், அவரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். அழைத்துச் சென்றேன். ஆச்சி முற்றத்து வேப்பமர நிழலில் பாய் விரித்திருந்து பாக்குச் சீவிக்கொண்டிருந்தார். நண்பர் மிகுந்த பணிவோடு, "பாட்டி, உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்" என்றார். ஆச்சியின் கையிலிருந்த பாக்குவெட்டி நின்றுவிட்டது. என்னை ஒரு முறையும் அவரை ஒரு முறையும் பார்த்துவிட்டு, "என்னை ஏன் தம்பி பேசப்போறியள்? நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நண்பர் சிரிக்கவில்லை. பணிவாகச் சொன்ன ஒரு வாக்கியம் எவ்வாறு பகையாக மாறிற்று என்பது அவருக்கு விளங்கவில்லை. எங்கள் வழக்கில் உரையாடுதலுக்குக் கதைத்தல் என்று பெயர். பேசுதல் மேடைக்கு உரியது. வீட்டிலும் தெருவிலும் அது ஏசுதலைக் குறிக்கும். 'அம்மா பேசுவா' என்று பிள்ளை அஞ்சுவது, அம்மா வாய் திறப்பாள் என்பதற்காக அன்று. தமிழ்நாட்டிலோ பேசுதல் பொதுச்சொல். கதைத்தல் கதையோடு ஒட்டிய சொல். ஒலி ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான். பாக்கு நீரிணையைக் கடந்ததும் பொருள் ஒடுங்கிவிடுகிறது. இதனை இருவருக்கும் விளக்கி, ஆச்சியும் சிரித்து, தாலாட்டுப் பாடத் தொடங்குவதற்குள் மாலையாகிவிட்டது.

மறந்துபோயிருந்த அந்த நிகழ்ச்சியை அண்மையில் எனக்கு நினைவூட்டியது, மேற்கு ஆபிரிக்கக் குரங்கு ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சி. பகையைக் கண்ட விலங்கு தன் இனத்துக்கு எழுப்பும் எச்சரிக்கைக் குரலிலே வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு உண்டா என்பது அதன் கேள்வி. மனிதருக்கே உரியதென்று நாம் எண்ணியிருந்த திசைச்சொல் காட்டிலும் உண்டா என்று கேட்பதற்கு இது ஒப்பாகும்.

பறவைகளின் பாட்டிலே வட்டார வேறுபாடு உண்டு என்பது புதிய செய்தியன்று. கலிபோர்னியாவில் வாழும் வெண்முடிச் சிட்டுகளின் பாட்டு இடத்துக்கு இடம் மாறுவதையும், குஞ்சுகள் அதனை மூத்த பறவைகளிடம் கேட்டே கற்கின்றன என்பதையும் பீட்டர் மார்லர் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1960களிலே காட்டினர். ஆனால் பாட்டு வேறு, கூக்குரல் வேறு. பாட்டைப் பயில்வதற்குப் பறவைக்கு மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. பருந்தின் நிழல் மேலே விழும்போது எழுப்பும் குரலுக்கு அவகாசம் ஏது? அச்சத்தால் தானாக எழும் அத்தகைய ஒலி எல்லா இடத்திலும் ஒரே வகையாகத்தான் இருக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

இவ்வெண்ணத்தை முதலில் அசைத்த ஆராய்ச்சிகளுள் ஒன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே நிகழ்ந்தது. அங்கே 'பிரெய்ரி நாய்' என்னும் ஒரு சிறு பிராணி உண்டு. பெயரில்தான் நாய்; உண்மையில் அது அணிலின் உறவு. புல்வெளியில் வளை தோண்டிக் கூட்டங்கூட்டமாக வாழ்வது. பகை கண்டதும் வளைவாயில் நிமிர்ந்து நின்று குரைப்பது போலக் குரல் எழுப்புவதனால் அப்பெயர் பெற்றது. அவற்றுள் கனிசன் பிரெய்ரி நாய் என்ற வகையினை ஆராய்ந்த சுலோபோட்சிக்கோவ் என்பவரும் கோஸ்ட் என்பவரும், ஒரு குடியிருப்பின் எச்சரிக்கைக் குரலுக்கும் இன்னொரு குடியிருப்பின் எச்சரிக்கைக் குரலுக்கும் வேறுபாடு இருப்பதை 1980ஆம் ஆண்டில் எழுதினர். அந்த வேறுபாட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் கிளைமொழி என்பதே. வாழிடத்தின் அமைப்புக்கும் இவ்வேறுபாட்டுக்கும் தொடர்பு உண்டென்று 2002இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி கூறிற்று. புதர் மண்டிய இடத்தில் நெடுந்தூரம் செல்லும் ஒலி வேறு, வெட்டவெளியில் செல்லும் ஒலி வேறு அன்றோ?

ஆயின், இது நம் ஆச்சியைத் திகைக்க வைத்த வேறுபாடு அன்று. ஒருவர் வாழைப்பழம் என்பதை இன்னொருவர் வாளைப்பளம் என்பாரானால், அது ஒலியின் வேறுபாடு. கேட்பவருக்குக் காது சற்றுக் கூசலாம், பொருள் பிறழாது. ஒலி மாறாது நிற்கப் பொருள் மட்டும் மாறுவதே நுட்பமான வேறுபாடு. 'பேசு' என்ற சொல்லுக்கு நேர்ந்தது அதுதான். அத்தகையது காட்டிலும் உண்டா என்பதற்குத்தான் மேற்கு ஆபிரிக்கக் குரங்கு விடை தருகிறது.

அதன் பெயர் கம்பெல் குரங்கு. மரக்கிளைகளிலே வாழும் சிறு குரங்கு. ஒரு கூட்டத்தில் வளர்ந்த ஆண் ஒன்றே இருக்கும். மற்றவை பெண்களும் குட்டிகளும். கூட்டத்துக்குக் காவல் அந்தக் கடுவனே. ஐவரிகோஸ்ட் நாட்டிலுள்ள தாயீ என்னும் காட்டிலே இக்கடுவன்களின் குரல்களைக் கரீம் வாட்டாரா, அல்பான் லெமசோன், கிளவுஸ் சூபர்பூளர் ஆகியோர் நுணுகி ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். அவர்கள் காதில் விழுந்தபடி எழுதினால், சிறுத்தையைக் கண்டபோது கடுவன் 'கிராக்' என்று கத்துகிறது. முடிக்கழுகு என்னும் பெருங்கழுகைக் கண்டபோது 'ஹொக்' என்கிறது. இவ்விரு குரலின் இறுதியிலும் 'ஊ' என்ற ஒலியைச் சேர்ப்பதும் உண்டு. 'கிராக்-ஊ' என்றால் ஏதோ குழப்பம் நிகழ்கிறது, கவனமாயிருங்கள் என்ற பொதுவான எச்சரிக்கை. 'ஹொக்-ஊ' என்றால் மரத்தின் மேற்பகுதியிலே ஏதோ ஒன்று. இந்த 'ஊ' சேர்ந்தவுடன் அச்சத்தின் கடுமை தணிந்துவிடுகிறது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைப் படிக்கும்போது விகுதி என்ற சொல் நாவில் வந்து நிற்கும். எனக்கும் வந்தது.

இனி, தாயீக் காட்டிலிருந்து மேற்கே லைபீரியா நாட்டைக் கடந்து சுமார் 500 கிலோமீற்றர் சென்றால், சியரா லியோன் நாட்டில் மோவா என்னும் ஆற்றின் நடுவே திவாய் என்ற தீவு இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 12 சதுரக் கிலோமீற்றர். அங்கேயும் கம்பெல் குரங்குகள் உண்டு. கழுகும் உண்டு. சிறுத்தை மட்டும் இல்லை; பல பத்தாண்டுகளாக அத்தீவிலே சிறுத்தையைக் கண்டவர் இல்லை. அப்படியானால் அங்குள்ள கடுவன் 'கிராக்' என்பதை மறந்துவிட்டிருக்க வேண்டும். மறக்கவில்லை. தாராளமாக அக்குரலை எழுப்புகிறது. கழுகைக் கண்டாலும் 'கிராக்' என்கிறது. வேறு அபாயங்களுக்கும் 'கிராக்' என்கிறது. தாயீயில் சிறுத்தைக்கென்றே ஒதுக்கப்பட்ட குரல், திவாயில் எந்த அபாயத்துக்கும் உரிய பொதுக்குரலாக நிற்கிறது. ஒலி ஒன்றே, ஓரிடத்திலே பொருள் ஒடுங்கியிருக்கிறது, மற்றோரிடத்திலே பரந்திருக்கிறது.

இதனைப் படித்த கணத்திலே ஆச்சியின் பாக்குவெட்டி நின்றது எனக்கு நினைவுக்கு வந்தது.

இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று? மொழிநூலறிஞர் பிலிப் சிலென்கரும் குரங்காராய்ச்சியாளர் பலரும் சேர்ந்து 2014இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு இரு வழிகளில் விடை தேடுகிறது. முதலாவது வழி எளியது: இரு காட்டிலும் அச்சொல்லுக்குப் பொருளே வேறு. அகராதி இரண்டு, அவ்வளவுதான். இரண்டாவது வழிதான் என்னைக் கவர்ந்தது. அதனை விளக்க நம் வகுப்பறைக்கே வருவோம்.

பரீட்சை முடிவு வந்த நாளில் அதிபர் ஒருவரிடம், "உங்கள் மாணவர் எப்படி?" என்று கேட்கிறோம். "சிலர் தேறினர்" என்கிறார். உடனே நாம் என்ன விளங்கிக்கொள்கிறோம்? எல்லோரும் தேறவில்லை என்று. அவர் அப்படிச் சொல்லவில்லை. 'சிலர்' என்ற சொல்லின் பொருளிலும் அது இல்லை. எல்லோரும் தேறியிருந்தால் 'எல்லோரும்' என்றே சொல்லியிருப்பார். அச்சொல் அவர் கையில் இருந்தும் அதை எடுக்கவில்லை. ஆகவே எல்லோரும் தேறவில்லை என்று நாமே முடிவு கட்டுகிறோம். சொல்லாமல் விட்ட சொல், சொன்ன சொல்லின் பொருளை ஒடுக்கிவிடுகிறது.

'கிராக்' என்பதும் அப்படித்தான் என்பது அவ்வறிஞர்களின் கருத்து. இரு காட்டிலும் அதன் அடிப்படைப் பொருள் 'அபாயம்' என்பது மாத்திரமே. ஆனால் கடுவனிடம் வேறு குரல்களும் உண்டு. அபாயம் மேலிருந்து வந்தால் 'ஹொக்' என்று சொல்லியிருக்கும். அற்ப அபாயமானால் 'கிராக்-ஊ' என்று சொல்லியிருக்கும். இரண்டையும் விட்டு வெறும் 'கிராக்' என்றதனால், இது மேலிருந்து வருவதும் அன்று, அற்பமானதும் அன்று. தரையிலே நிற்கும் கொடிய பகை என்றாகிறது. தாயீக் காட்டில் அது சிறுத்தை. திவாய்த் தீவிலோ தரையிலே அத்தகைய கொடிய பகை இல்லை. ஒடுங்கிய பொருளுக்கு அங்கே வேலையில்லை. ஆகவே சொல் தன் பரந்த பொருளிலேயே நின்றுவிடுகிறது.

இது முற்றாக நிறுவப்பட்ட முடிபு அன்று, ஒரு கருதுகோள். குரங்கு நம்மைப்போல் எண்ணிப் பார்த்து ஊகிக்கிறது என்று எவரும் சத்தியம் செய்யவில்லை. ஆயினும் இக்கருத்திலே ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. சொல்லின் பொருளைச் சொல்லுக்குள் மட்டும் தேடினால் அகப்படாது. பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது, சுற்றிலும் எந்த வாழ்வு நிகழ்கிறது என்று பார்க்க வேண்டும். உரையாடுதலுக்குக் 'கதைத்தல்' என்ற சொல் நம்மிடையே வந்து உட்கார்ந்துகொண்டதனால் 'பேசுதல்' ஒதுங்கி ஏசுதலின் பக்கம் சென்றிருக்கலாம் அன்றோ? திவாய்த் தீவின் கடுவனைப் பற்றிக் கேட்கும் அதே கேள்வியை என் ஊரைப் பற்றியும் கேட்கலாம் போலும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். விலங்கின் குரலை மொழி என்று கொண்டாடி மேலும் மேலும் ஏற்றிச் சொல்லும் ஆசை யாருக்கும் வரும். மனிதக் குழந்தை தமிழ் கேட்டால் தமிழையும் சிங்களம் கேட்டால் சிங்களத்தையும் பேசும். குரங்குக் குட்டி அவ்வாறு புதிய ஒலிகளைக் கற்பதாகத் தெரியவில்லை. அதன் குரல்களின் வடிவம் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்தது. இதற்கு நல்ல சான்று செனகல் நாட்டிலிருந்து 2019இல் வந்தது.

அதனை விளக்குமுன் கிழக்கு ஆபிரிக்காவை ஒரு முறை பார்க்க வேண்டும். கென்யாவில் வாழும் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என வெவ்வேறு குரல் எழுப்புகின்றன என்பதைத் தொமஸ் ஸ்ரசேக்கர் 1967இல் எழுதினார். சேபார்த், செனி, மார்லர் என்னும் மூவர் அக்குரல்களைப் பதிவு செய்து, பகை எதுவும் இல்லாத வேளையிலே ஒலிபெருக்கி மூலம் கேட்கச் செய்தனர். சிறுத்தைக் குரலைக் கேட்டவை மரத்தில் ஏறின. கழுகுக் குரலைக் கேட்டவை வானத்தை நோக்கின. பாம்புக் குரலைக் கேட்டவை பின்னங்காலில் நிமிர்ந்து புல்லைத் துழாவின. இது வெளிவந்தது 1980இல். குட்டிகளைப் பற்றி அவர்கள் கண்டது இன்னும் சுவையானது. குட்டி, கழுகுக் குரலை அபாயமில்லாத பறவைகளுக்கும் எழுப்பும். சில வேளை மரத்திலிருந்து உதிரும் இலைக்கும் எழுப்பும். வளர வளரத்தான் எதற்குக் கத்துவது என்பது அதற்குப் படிகிறது. ஒலி பிறவியில் வருகிறது. வழக்கோ வாழ்ந்து பெறுவது.

வெர்வெட்டின் நெருங்கிய உறவான பச்சைக் குரங்கு செனகலில் வாழ்கிறது. அங்கே சிறுத்தைக்கும் பாம்புக்கும் குரல் உண்டு. வானத்துப் பகைக்கெனத் தனிக்குரல் இருந்ததாகத் தெரியவில்லை. யூலியா பிஷரும் அவர் குழுவினரும் அக்குரங்குகளின் தலைக்கு மேலே ஆளில்லாத சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டனர். தம் வாழ்நாளில் கண்டிராத அப்பொருளைக் கண்டதும் அவை ஒரு குரல் எழுப்பி ஓடி ஒளிந்தன. அந்தக் குரல், ஆபிரிக்காவின் மறு கோடியிலே கென்யக் குரங்குகள் கழுகுக்கு எழுப்பும் குரலை ஒத்திருந்தது! நாட்கள் சில கழித்து அவ்விமானத்தின் இரைச்சலை மட்டும் ஒலிபரப்பியபோது, கேட்ட குரங்குகள் வானத்தை நோக்கின. குரல் எங்கோ உள்ளே உறங்கிக் கிடந்தது. அதைக் கேட்டு அஞ்ச வேண்டிய ஒலி இன்னதென்று கற்பதற்கு ஒருசில அனுபவமே போதுமாயிருந்தது.

ஆகவே காட்டின் திசைச்சொல்லை எழுப்புபவனிடத்தில் மாத்திரம் தேடுதல் ஆகாது. அது பெரிதும் கேட்பவனிடத்திலே இருக்கிறது. தாயீக் காட்டிலே கம்பெல் குரங்கின் கூக்குரலைக் கேட்கும் தயானா குரங்கு, தானும் எச்சரிக்கைக் குரல் எழுப்பும். ஆனால் அக்கூக்குரலுக்கு முன்னே 'பூம்' என்ற தாழ்ந்த ஒலியைக் கம்பெல் கடுவன் எழுப்பிவிட்டால், இது பகையன்று, மரம் முறிவது போன்ற வேறு ஏதோ குழப்பம் என்று தயானா குரங்கு சும்மா இருந்துவிடும். அயல் இனத்தின் பேச்சையும் விளங்கிக்கொண்டு வாழ்வதே அங்கே உயிர் காப்பது.

இவ்வளவையும் ஓர் இலக்கியப் பக்கத்திலே எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். எனக்கு இதில் ஒரு பழைய கடன் உண்டு.

ஆசிரியனாகப் பணியாற்றிய முதல் ஆண்டுகளிலே, மாணவன் ஒருவன் கட்டுரையில் 'அதிபர் என்னைப் பேசினார்' என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'யாருடன்?' என்று எழுதிப் புள்ளியையும் குறைத்தேன். கெட்டித்தனமாகச் செய்துவிட்டதாக எண்ணம். அவனோ, அன்று காலையில் தனக்கு நேர்ந்ததை உள்ளவாறே எழுதியிருந்தான். அவன் எழுதியது பிழையன்று. வேறொரு காட்டின் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் குரலை அளந்த நானே பிழை செய்தவன். செய்யுளில் வழங்கும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்த தொல்காப்பியம், திசைச்சொல்லுக்கும் அங்கே ஓர் ஆசனம் இட்டிருக்கிறது. அதை வகுப்பில் ஒப்பிக்கச் செய்தவனும் நானே. விடைத்தாளில் அடித்தவனும் நானே.

இதைவிட ஆழமான ஒரு கவலையும் எனக்கு உண்டு. அண்மையில் ஒரு வகுப்பில், "துலா என்றால் என்ன?" என்று கேட்டேன். "ராசி, சேர்" என்று பல குரல்கள் எழுந்தன. கிணற்றிலே ஆடுகால் நட்டு, துலாவிலே ஆள் ஏறி மிதித்து, பட்டையால் நீர் இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் விளைவித்த ஊர் எங்களூர். நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது, துலா போயிற்று. சொல் சாகவில்லை, பஞ்சாங்கத்திலே இருக்கிறது. அதன் கூர்மைதான் போய்விட்டது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. சிறுத்தை இல்லாத தீவிலே 'கிராக்' என்ற குரல் எதைச் சுட்டும்?

நம் வில்பத்துக் காட்டிலும் யாலக் காட்டிலும் புள்ளிமானும் மந்தியும் எழுப்பும் எச்சரிக்கைக் குரலைக் கேட்டுத்தான் வழிகாட்டிகள் சிறுத்தை நிற்கும் திசையை அறிகின்றனர். அந்தக் குரலுக்கு இன்னும் பொருள் இருக்கிறது. ஏனெனில் சிறுத்தை இன்னும் இருக்கிறது. காட்டை அழித்து விலங்கைத் தொலைத்தால், குரல் பிறகும் சில காலம் கேட்கலாம். ஆனால் அது எதைச் சொல்லிற்று என்று அறிந்த செவி இராது. சொற்களைக் காப்பது அகராதிக்காரரின் வேலை என்று நாம் எண்ணியிருக்கிறோம். அச்சொற்கள் பிறந்த வாழ்வையும் இடத்தையும் காவாமல் அகராதி எழுதி என்ன பயன்?

அந்த மாணவன் இப்பொழுது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. சந்தித்தால் அன்று குறைத்த புள்ளியை என்னால் திருப்பிக் கொடுக்க இயலாது. ஆனால் அதற்குப் பின் என் மேசைக்கு வந்த விடைத்தாள்களில், விளங்காத சொல் ஒன்றைக் கண்டால் சிவப்புப் பேனாவை எடுக்குமுன் அந்தப் பிள்ளை எந்த ஊர் என்று கேட்கப் பழகியிருக்கிறேன்.